நம் கடைக்கு நாமே வலைப்பக்கம் எழுதுவோம்

கல்லாப்பெட்டியின் சாவியை வேற்றாளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகும் வணிகர் எவரும் இல்லை. ஆனால் வலைப்பக்க விஷயத்தில் நம்மில் பலர் அப்படித்தான் செய்திருக்கிறோம். நாங்களும் செய்தோம். அதனால் பட்ட நஷ்டத்தையும், பிறகு கற்றுக்கொண்ட பாடத்தையும் சங்க உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்களுடையது அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து நடத்தும் பருப்பு, மசாலாச் சாமான் மொத்த வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்து, "உங்கள் கடைக்கு வெப்சைட் போட்டுத் தருகிறேன்" என்றார். கேட்ட பணத்தைக் கொடுத்தோம். கடையின் பெயரிலேயே விலாசம் வாங்கி, படங்கள் போட்டு, விலைப்பட்டியலும் சேர்த்துக் கொடுத்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. பில் புத்தகம், துணிப்பை, காலண்டர் என எல்லாவற்றிலும் அந்த விலாசத்தை அச்சடித்தோம்.

முதல் சங்கடம் நாலாம் மாதமே வந்தது. துவரம் பருப்பு விலை ஏறிவிட்டது. பக்கத்திலோ பழைய விலையே நின்றது. மாற்றச் சொல்லிப் போன் செய்தால் "நாளைக்கு மாற்றிவிடுகிறேன்" என்பார். கிராமத்துக் கடைக்காரர் ஒருவர் அந்த விலையைக் கைப்பேசியில் காட்டி, "அண்ணாச்சி, இது நீங்க போட்ட விலைதானே?" என்று கேட்டார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த விலைக்கே 2 மூட்டை கொடுத்தனுப்பினோம்.

அடுத்தது அதைவிடப் பெரியது. மூன்றாம் ஆண்டில் அந்த நபர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார். போனும் எடுக்கவில்லை. கடையின் விலாசத்தை அவர் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படாமல் விலாசம் காலாவதியாகி, யாரோ ஒருவர் அதை வாங்கிக்கொண்டார். "உங்க காலண்டர்ல இருக்கிற விலாசத்தைப் போட்டா சீட்டாட்ட விளம்பரம் வருதே அண்ணாச்சி" என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லித்தான் விஷயமே தெரிய வந்தது. எங்கள் தகப்பனார் படம் போட்ட காலண்டர் அது. கடையில் மீதம் இருந்ததைப் பழைய பேப்பருக்குப் போட்டோம். ஊரெல்லாம் சுவரில் மாட்டியிருந்ததை என்ன செய்ய முடியும்?

தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். "பெரியப்பா, இதை நீங்களே எழுதலாம். பேரேடு எழுதுகிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை" என்றாள். கடை அடைத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தோம். இன்று எங்கள் கடையின் பக்கத்தை நாங்களே எழுதுகிறோம். விலையை நாங்களே மாற்றுகிறோம். அந்த முறையைக் கீழே படிப்படியாகத் தருகிறோம்.

வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. வாட்ஸ்அப் குழுவும் வேண்டும். கூகுள் மேப்பில் கடையின் பெயரும் வேண்டும். அவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அவை இன்னொருவர் கட்டடத்தில் நமக்குக் கிடைத்த அலமாரி போன்றவை. எந்தச் சரக்கை எங்கே வைப்பது, யாருக்குக் காட்டுவது என்பதெல்லாம் கட்டடக்காரர் தீர்மானம். நம் பெயரில் உள்ள வலைப்பக்கமோ ஒழுங்காகக் கட்டணம் கட்டிவரும் வரை நம் வசம் இருக்கும். நம் எண் இல்லாத வெளியூர் வணிகர் ஒருவர் நம் கடையைத் தேடும்போது, நாம் சொல்ல நினைப்பதை நம் வார்த்தையில் அவர் படிக்க அதுவே இடம்.

வலைப்பக்கம் என்றால் என்ன?

வலைப்பக்கம் என்பது சாதாரண எழுத்துகளால் ஆன ஒரு ஃபைல், அவ்வளவுதான். அதில் நாம் எழுதும் விஷயமும், அந்த விஷயத்தில் எது தலைப்பு, எது பத்தி, எது பட்டியல் என்று சொல்லும் குறிகளும் இருக்கும். அந்தக் குறிகளைப் படித்து அதன்படி திரையில் காட்டும் வேலையைச் செய்வது குரோம், ஃபயர்ஃபாக்ஸ் போன்ற பிரவுசர். இப்படிக் குறியிட்டு எழுதும் முறைக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர்.

இதை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் என்னும் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, அங்குள்ளவர்கள் தகவல்களை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்வதற்காக 1989இல் இத்திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் நிறுவனம் இதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. அதனால்தான் இன்றுவரை வலைப்பக்கம் எழுத யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. யாருக்கும் ராயல்டி கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இண்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது.

இதில் நமக்குத் தைரியம் தரும் செய்தி ஒன்று உண்டு. அந்த ஆரம்ப காலத்தில் எழுதிய எளிய பக்கங்களை இன்றைய கைப்பேசியிலும் திறந்து படிக்கலாம். பில் போடும் சாஃப்ட்வேரை வாங்கினால் சில ஆண்டுகளில் புதிது வாங்க வேண்டியிருக்கிறது. இங்கே தலைப்புக்கும் பத்திக்கும் அன்று வைத்த குறிகளே இன்றும் நடப்பில் உள்ளன. எனவே ஒருமுறை கற்றது வீண்போகாது.

தொடங்க என்ன வேண்டும்?

ஒரு கணிப்பொறி வேண்டும். பில் போடும் பழைய கணிப்பொறியே போதும். எழுதுவதற்கு, விண்டோஸில் இருக்கும் நோட்பேட் போதும். பார்ப்பதற்கு, ஏற்கெனவே உள்ள பிரவுசர் போதும். பழகும் காலத்தில் இண்டர்நெட் இணைப்புகூடத் தேவையில்லை. நம் கணிப்பொறிக்குள்ளேயே எழுதி, அங்கேயே திறந்து பார்க்கலாம். தவறு செய்தாலும் வெளியே யாருக்கும் தெரியாது. ஆக, கற்றுக்கொள்ளப் புதிதாகச் செலவு ஏதுமில்லை.

முதலில் கணிப்பொறியில் கடையின் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பக்கம், படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே இருக்க வேண்டும். கொள்முதல் சிட்டை ஒரு கோப்பிலும் விற்பனைச் சிட்டை இன்னொரு கோப்பிலும் வைப்பதைப் போன்ற ஒழுங்கு இதில் அவசியம்.

குறிச்சொற்கள்

டேக் எனப்படும் குறிச்சொல், சிறியது-பெரியது குறிகளுக்கு நடுவே ஆங்கிலச் சிறிய எழுத்தில் எழுதப்படும். பள்ளிக்கணக்கில் ஓர் எண் மற்றதைவிடச் சிறியது, பெரியது என்று காட்டப் போட்டோமே, அதே குறிகள்தான். பெரும்பாலான குறிச்சொற்கள் இரட்டையாக வரும்; ஒன்று தொடக்கம், மற்றது முடிவு. முடிவுக் குறிச்சொல்லில் பெயருக்கு முன்னால் ஒரு சாய்கோடு இருக்கும். மூட்டையின் வாயைத் திறந்தால் திரும்பத் தைத்துவிட வேண்டும் என்பதுபோல, திறந்த குறிச்சொல்லை மூடிவிட வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்றும் வரலாம். பெட்டிக்குள் டப்பா, டப்பாவுக்குள் பொட்டலம் என்று அடுக்கினால், முதலில் பொட்டலத்தை மூடி, பிறகு டப்பாவை மூடி, கடைசியில்தான் பெட்டியை மூடுவோம். இங்கும் அதே வரிசை. கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும்.

பக்கத்தின் முதல் வரி, இது எச்.டி.எம்.எல். பக்கம் என்று அறிவிக்கும் டாக்டைப் வரி. அதன்பின் முழுப் பக்கத்தையும் உள்ளடக்கும் 'எச்.டி.எம்.எல்.' குறிச்சொல். அதற்குள் இரண்டு பாகங்கள். ஒன்று 'ஹெட்'. இது கடையின் உள் அறை போன்றது. பக்கத்தின் பெயரும், பிரவுசருக்கான குறிப்புகளும் இதில் இருக்கும். வாடிக்கையாளருக்குப் பக்கத்தில் தெரியாது. ஹெட்டுக்குள் வரும் 'டைட்டில்' மட்டும் பிரவுசரின் மேல்விளிம்பில் தெரியும். தேடுபவர்களுக்குக் கூகுளிலும் பெரும்பாலும் இதுவே தலைப்பாக வரும். எனவே டைட்டிலில் வெறுமனே 'முகப்பு' என்று எழுதாமல் கடையின் பெயர், தொழில், ஊர் மூன்றையும் எழுதுங்கள். இன்னொரு பாகம் 'பாடி'. இதுதான் கடையின் முகப்பு. வாடிக்கையாளர் பார்ப்பதெல்லாம் இதற்குள் எழுதியதே.

பாடிக்குள் 'எச்1' என்பது பெரிய தலைப்பு, கடையின் பெயர்ப்பலகை. 'எச்2' அதற்கடுத்த சிறு தலைப்பு. பருப்பு வகை, மசாலா வகை என்று பிரிக்க உதவும். 'பி' என்பது பத்தி. பட்டியல் போட 'யு.எல்.' என்று திறந்து, ஒவ்வொரு சரக்கையும் 'எல்.ஐ.' என்ற குறிக்குள் எழுத வேண்டும்.

லிங்க் கொடுக்க உதவுவது 'ஏ' என்ற ஒற்றை எழுத்துக் குறிச்சொல். அதில் 'எச்ரெஃப்' என்ற இடத்தில் போக வேண்டிய விலாசத்தை எழுத வேண்டும். விலாசத்துக்குப் பதிலாக 'டெல்' என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி வைத்து, கடை எண்ணை 91 சேர்த்து எழுதினால், கைப்பேசியில் தொட்டவுடன் அழைப்புக்குப் போகும். எங்கள் பக்கத்தில் மிகவும் பயன்பட்டது இந்த ஒரு வரிதான்.

படம் போட 'ஐ.எம்.ஜி.'. இதற்கு முடிவுக் குறி கிடையாது. 'எஸ்.ஆர்.சி.' என்ற இடத்தில் படத்தின் ஃபைல் பெயரையும், 'ஆல்ட்' என்ற இடத்தில் படத்தில் இருப்பது என்ன என்பதையும் எழுத வேண்டும். படம் வராதபோது அந்த வரி தெரியும். பார்வையற்றவர்களுக்குக் கணிப்பொறி அதைப் படித்துச் சொல்லும்.

இன்று 100க்கும் மேற்பட்ட குறிச்சொற்கள் இருக்கின்றன. நம் கடைக்கு 15, 16 தெரிந்தால் தாராளம்.

விலைப்பட்டியல் எழுதும் முறை

சிட்டை எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். 'டேபிள்' என்று திறந்தால் சிட்டைத்தாள் விரித்தாயிற்று. 'டி.ஆர்.' என்பது ஒரு வரி. 'டி.எச்.' என்பது தலைப்புக் கட்டம்: சரக்கு, அளவு, விலை. 'டி.டி.' என்பது சாதாரணக் கட்டம். துவரம் பருப்பு ஒரு கட்டம், 50 கிலோ ஒரு கட்டம், விலை ஒரு கட்டம் என்று எழுதி 'டி.ஆர்.' மூடினால் ஒரு வரி முடிந்தது. எல்லா வரிகளிலும் கட்டங்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். ஒரு வரியில் குறைந்தால் கணக்கு நேர் வராது.

பட்டியலின் தலையில் தேதியும் நேரமும் கட்டாயம் எழுதுங்கள். 'இன்ன தேதி காலை 10 மணி நிலவரம், மாறுதலுக்கு உட்பட்டது' என்ற ஒரு வரி இருந்திருந்தால் எங்கள் 2 மூட்டைப் பருப்பு தப்பியிருக்கும். தினமும் மாற்ற நேரமில்லை என்றால் விலையே போட வேண்டாம். சரக்குப் பெயரையும் ரகத்தையும் மட்டும் போட்டு, 'விலைக்கு அழைக்கவும்' என்று எழுதினால் போதும். தவறான விலையைவிட விலை இல்லாத பட்டியல் மேல்.

தமிழில் எழுத

1990களில் தமிழ் வலைப்பக்கத்தைப் படிக்க, அதற்குரிய எழுத்துருவைத் தனியே இறக்கிப் பொருத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒவ்வோர் எழுத்துரு. யூனிகோடு வந்தபின் அத்தொல்லை தீர்ந்தது. தமிழக அரசும் 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

ஆனால் நம் கடைகளில் பழைய நோட்டீஸ், லெட்டர்பேடு எல்லாம் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தவை. அவற்றை அப்படியே ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து புரியாமல் வரும். எனவே யூனிகோடு விசைப்பலகையில் புதிதாகத் தட்டுங்கள். அல்லது மாற்றி எடுத்துப் பயன்படுத்துங்கள். ஹெட் பாகத்தில் 'மெட்டா' என்ற குறிச்சொல்லில் எழுத்துமுறை யு.டி.எஃப்.-8 என்று எழுத வேண்டும். நோட்பேடில் சேமிக்கும்போதும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு மெட்டா வரி 'வியூபோர்ட்'. பக்கம் கைப்பேசியின் அகலத்துக்கு ஏற்ப வர இது தேவை. இது இல்லாவிட்டால் எழுத்து எறும்பு போலத் தெரியும்.

புதியவர்கள் செய்யும் தவறுகள்

கீழ்க்கண்டவை யாவும் நாங்கள் செய்த தவறுகளே.

1. ஃபைல் பெயர். முதல் பக்கத்துக்கு 'இண்டெக்ஸ்' என்று ஆங்கிலத்தில் பெயரிட்டு, புள்ளி வைத்து, எச்.டி.எம்.எல். என்று முடிக்க வேண்டும். சேமிக்கும்போது 'எல்லா ஃபைல்களும்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், நோட்பேட் தானாகவே கடைசியில் டி.எக்ஸ்.டி. என்று சேர்த்துவிடும். அப்போது திறந்தால் குறிச்சொற்களே திரையில் தெரியும்.

2. பெரிய எழுத்து, சின்ன எழுத்து. நம் கணிப்பொறியில் இரண்டும் ஒன்றாகவே நடக்கும். வெளியே ஏற்றும் சர்வரில் பெரும்பாலும் நடக்காது. வீட்டில் தெரிந்த படம் வெளியே தெரியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் வையுங்கள்.

3. கனமான படம். கைப்பேசியில் எடுத்த படம் பல எம்.பி. இருக்கும். அப்படியே போட்டால் கிராமத்து வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்க நேரமாகும், காத்திருக்க மாட்டார். படத்தைச் சிறிதாக்கி 200 கே.பி.க்குள் கொண்டுவாருங்கள்.

4. மூடாத குறிச்சொல். ஒரு தலைப்பை மூட மறந்தால், கீழே உள்ளது எல்லாம் பெரிய எழுத்தில் கொட்டை கொட்டையாக வரும். பயப்பட வேண்டாம், மேலிருந்து வரி வரியாகச் சரிபார்த்தால் அகப்பட்டுவிடும்.

5. மாற்றியும் மாறவில்லையே என்ற கவலை. நோட்பேடில் சேமித்தீர்களா, பிரவுசரில் மறுபடி ஏற்றினீர்களா என்று பாருங்கள்.

நிறம், எழுத்தின் அழகு, கட்டத்தின் கோடு இவற்றுக்கெல்லாம் சி.எஸ்.எஸ். என்ற தனி முறை உண்டு. அதை அடுத்த மாதம் கற்கலாம். முதலில் சரக்கை அடுக்குவோம். பிறகு வர்ணம் அடிப்போம்.

விலாசமும் இடமும்

எழுதிய பக்கம் ஊருக்குத் தெரிய வேண்டுமானால் இரண்டு தேவை. ஒன்று டொமைன், அதாவது விலாசம். மற்றது ஹோஸ்டிங், நம் ஃபைல்களை வைக்க ஒரு சர்வரில் வாடகை இடம். இரண்டும் வெவ்வேறு. ஒரே நிறுவனத்தில் வாங்கலாம், தனித்தனியாகவும் வாங்கலாம். இடம் வாங்கியதும் அவர்கள் தரும் ஃபைல் மேனேஜர் வழியாக நம் ஃபோல்டரில் உள்ளதை ஏற்றினால் பக்கம் வெளியே வந்துவிடும். எச்.டி.டி.பி.எஸ். வசதியையும் கேட்டுப் பெறுங்கள். பல இடங்களில் அது இலவசமே.

எங்களுக்கு நஷ்டம் வந்த இடம் இந்த டொமைன்தான். ஆகவே இதை மட்டும் மறுபடி ஒருமுறை படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பக்கத்தை வேறொருவர் எழுதித் தந்தாலும், டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைப்பேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். கட்டணத்தை நீங்களே நேரில் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கட்டும். டொமைன் என்பது விலைக்கு வாங்கும் சொத்து அன்று. கெடு வைத்துப் புதுப்பிக்கும் உரிமை. முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காமல், இரண்டாம் ஆண்டு முதல் எவ்வளவு என்று கேளுங்கள். கடை உரிமம் புதுப்பிக்கும் தேதியை எழுதும் அதே நோட்டில் இந்தத் தேதியையும் எழுதுங்கள். 'உங்கள் டொமைன் முடிகிறது, உடனே இங்கே பணம் கட்டுங்கள்' என்று முன்பின் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வரும். அதை நம்பிக் கட்டாமல், நாம் பதிவு செய்த நிறுவனத்தின் கணக்குக்குள் போய்ப் பார்த்தே கட்ட வேண்டும்.

ஏற்கெனவே பக்கம் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யலாம். உங்கள் டொமைன் எந்த நிறுவனத்தில், யார் பெயரில் உள்ளது, எந்தத் தேதியில் முடிகிறது என்று எழுதித் தந்தவரைக் கேளுங்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் உறவு நன்றாக இருக்கும்போதே பெயர் மாற்றிக்கொள்வதுதான் இருவருக்கும் நல்லது.

எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது?

கடையின் பெயர், முழு முகவரி, திறக்கும் நேரம், வார விடுமுறை, தொலைபேசி எண், சரக்கு வகைகள், குறைந்தபட்சக் கொள்முதல் அளவு, லாரி புக்கிங் வசதி இவற்றைப் போடலாம். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் போட்டால் வெளியூர்க்காரருக்கு நம்பிக்கை வரும்.

வாடிக்கையாளர்களின் பெயர், எண், கடன் பாக்கி எதையும் போடக்கூடாது. ஆதார் நகல், கையொப்பமிட்ட லெட்டர்பேடு, காசோலைப் படம் இவையும் கூடாது. மற்றவர் பக்கத்திலிருந்து படத்தை எடுத்துப் போடுவதும் கூடாது. நம் கடைச் சரக்கை நாமே படம் எடுத்தால் போகிறது.

இங்கே சொன்னது தகவல் தரும் பக்கத்துக்கு மட்டுமே. பக்கத்திலேயே ஆர்டர் எடுத்துப் பணமும் வாங்க நினைப்பவர்களுக்கு 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும், பொட்டலப் பொருட்கள் குறித்த 2011ஆம் ஆண்டின் எடையளவு விதிகளும் பொருந்தும். அதற்கு முன் உங்கள் ஆடிட்டரைக் கலந்துகொள்ளுங்கள்.

வணிகப் பெருமக்களே, இதைப் படித்தவுடன் எல்லோரும் கணிப்பொறி வல்லுநர் ஆகிவிட வேண்டும் என்பதில்லை. பெரிய அளவில் வேண்டுமானால் தொழில் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்வதே முறை. ஆனால் தராசு பிடிக்கத் தெரிந்தவர்தான் தராசு பிடிக்கும் ஆளை வேலைக்கு வைக்க முடியும். அடிப்படை தெரிந்தால், என்ன கேட்பது, எவ்வளவு கொடுப்பது, எதை நம் கையில் வைத்துக்கொள்வது என்பது தெரியும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நோட்பேடைத் திறந்து, கடையின் பெயரை எச்1 குறிக்குள் எழுதி, பிரவுசரில் திறந்து பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் முதன்முதலாகத் திரையில் பெரிதாக வந்தபோது, தம்பி எழுந்து போய்க் கடையின் புதுக் காலண்டருக்கான அச்சு மாதிரியை எடுத்து வந்தார். அதில் விலாசம் போட விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. எங்கள் பெயரில் பதிவு செய்த ரசீதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்த இடத்தை நிரப்பினோம்.